கியூவை அம்மா புடவையில் சுற்றாதீர்கள்

தம்பி, நீங்கள் கேட்டது நாலு கேள்வி. செப்டம்பரில் இங்கிலாந்தில் இருக்கிற ஷெஃபீல்டுக்குப் படிக்கப் போகிறீர்கள். குளிர் தாங்குமா, வீடு எப்படிப் பிடிப்பது, அந்த ஊரில் நடக்கிற ஸ்னூக்கர் (கியூ என்கிற நீளக் கோலால் மேசையில் பந்தைத் தட்டும் ஆட்டம்) உலக சாம்பியன்ஷிப்புக்கு டிக்கெட் கிடைக்குமா, படித்துக்கொண்டே ஆடி புரொஃபஷனல் ஆகிவிட முடியுமா. லீவுக்கு வந்தவன், குரோம்பேட்டை வீட்டுத் திண்ணையில் கொசுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

குளிர் பழகிவிடும். ஜாக்கெட்டை மட்டும் தி.நகரில் வாங்காதீர்கள், அங்கே போய் வாங்குங்கள். வீட்டைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கேட்பவர் தமிழர் என்றால் இன்னொரு தடவை யோசியுங்கள். 2003-ல் நான் போய் இறங்கிய வாரம், ‘நம்ம ஊர்ப் பையன்’ என்று தோளில் கை போட்ட ஒருவரிடம் 200 பவுண்டு எண்ணிக் கொடுத்தேன். மறுநாள் சாவி வாங்கப் போனால் கதவைத் திறந்தது ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. பாட்டிக்கு என்னையும் தெரியாது, பணம் வாங்கிய ஆளையும் தெரியாது. பாவம், டீ போட்டுக் கொடுத்தார். அந்த ஆள் இப்போது லண்டனில் பொங்கல் விழா மேடைகளில் பொன்னாடை வாங்கிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. போகட்டும்.

நாலாவது கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. ‘அங்கே போனால் கிளப்பில் சொல்லிக் கொடுத்தே சம்பாதிக்கலாம்’ என்று உங்கள் சித்தப்பா சொன்னாராமே. சொல்பவர் விசாவைப் படித்திருக்க மாட்டார். மாணவர் விசாவில் கடையில் நிற்கலாம், பாத்திரம் கழுவலாம். பட்டப்படிப்பு என்றால் வகுப்புகள் நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை. ஆனால் தொழில்முறை விளையாட்டு வீரராக ஆட முடியாது, பயிற்சியாளராக வேலை பார்க்க முடியாது, சொந்தத் தொழிலும் கூடாது. படித்து முடித்தபின் கிடைக்கிற கிராஜுவேட் விசாவிலும் விளையாட்டு வீரர் வேலைக்குத் தடைதான். எனக்குத் தெரிந்த ஒரு பையன் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு பேட்மிண்டன் சொல்லிக் கொடுத்து நாலு காசு பார்த்தான். பிறகு விசா நீட்டிக்கும்போது அவன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பரிசுப் பணம் உள்ள எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுப்பதற்கு முன்னால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். என்னைக் கேட்காதீர்கள், சித்தப்பாவைக் கேட்கவே கேட்காதீர்கள்.

அப்புறம் ஆட்டம். தொழில்முறை சுற்றில் இடம் பிடிக்க ‘Q ஸ்கூல்’ என்று ஒரு தகுதிப் போட்டி உண்டு. அதில் தேறினால் இரண்டு சீசனுக்கு அனுமதி. அதற்குள் தரவரிசையில் மேலே ஏறாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. ஷெஃபீல்டிலேயே தங்கி நாள் முழுக்கப் பயிற்சி செய்கிற சீனப் பையன்கள் இருக்கிறார்கள். 2025-ல் ஜாவோ சின்டாங் தகுதிச் சுற்றிலிருந்து கிளம்பி, இறுதிப் போட்டியில் மார்க் வில்லியம்ஸை 18-12 என்று தோற்கடித்து உலகப் பட்டம் வாங்கியது அப்படிப்பட்ட உழைப்பில்தான். நீங்கள் காலையில் வகுப்புக்கும் ராத்திரி வேலைக்கும் போய்விட்டு அவர்களோடு மோதப் போகிறீர்களா? மேசையே வேறு தம்பி. போட்டி மேசைகளில் கல்பலகைக்குக் கீழே சூடேற்றும் கருவி உண்டு. துணி காய்ந்து, பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். ஐப்பசி மழையில் ஈரம் குடித்த நம்மூர் மேசை விளிம்புக் குஷனில் பழகிய கை, அங்கே தட்டினால் வெள்ளைப் பந்து நினைத்த இடத்தைத் தாண்டி ஒரு முழம் போய்த்தான் நிற்கும். ஆடாதீர்கள் என்று சொல்லவில்லை. அனுபமா ராமச்சந்திரன் நம் சென்னைப் பெண்தானே, 2025-ல் தோஹாவில் ஐ.பி.எஸ்.எஃப். என்கிற சர்வதேச பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் கூட்டமைப்பின் உலகப் பட்டம் வாங்கவில்லையா? பொழுதுபோக்காக ஆடுங்கள். வயிற்றுப் பிழைப்பை அதில் வைக்காதீர்கள்.

டிக்கெட் விஷயம். போட்டி 17 நாள், ஏப்ரல் நடுவில் தொடங்கி மே முதல் திங்கள் வரை. 1977 முதல் குரூசிபிள் தியேட்டரில்தான் நடக்கிறது. ஆயிரம் பேர்கூட உட்கார முடியாத அரங்கம். இறுதிப் போட்டிக்கெல்லாம் ஒரு வருஷம் முன்னாலேயே டிக்கெட் தீர்ந்துவிடும். நீங்கள் முதல் சுற்றில், வார நாள் காலை 10 மணி ஆட்டமாகப் பாருங்கள். அதிலும் ஒரு விஷயம்: அரையிறுதிக்கு முன்னால்வரை இரண்டு மேசை, நடுவில் ஒரு தடுப்பு. உங்கள் டிக்கெட் ஒரு மேசைக்குத்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம் கைதட்டல் வெடிக்கும், என்ன நடந்தது என்றே தெரியாது.

2004 ஏப்ரலில் நான் போனபோது அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். ராத்திரி ஓட்டலில் பாத்திரம் கழுவிவிட்டு, சளியோடு போய் உட்கார்ந்தேன். எதிரே ஒருவர் பச்சைப் பந்துக்குக் குனிந்திருக்கிறார். அரங்கமே மூச்சு விடவில்லை. எனக்கு இருமல் வந்துவிட்டது. அடக்க அடக்க பெரிதாகிறது. அவர் நிமிர்ந்தார், ரெஃப்ரி என் பக்கம் திரும்பினார். பக்கத்து இருக்கைத் தாத்தா கோட்டுப் பையிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்து, காகிதம் சரசரக்காமல் பிரித்து, என் உள்ளங்கையில் வைத்து, “வாயில போட்டுக்கோ லவ்” என்றார். பயந்துவிட்டேன். அந்த ஊரில் மீசை வைத்த பஸ் டிரைவரும் ‘லவ்’ என்றுதான் கூப்பிடுவார் என்று பிறகு தெரிந்தது. இப்போது நானே அப்படிக் கூப்பிடுகிறேன், என் பெண் தலையில் அடித்துக்கொள்கிறாள். அந்த வருஷம் இறுதிப் போட்டியில் ஓசல்லிவன் கிரீம் டாட்டை 18-8 என்று வென்றார். அதை நான் சலவைக் கடை டிவியில் பார்த்தேன்.

இருபது வருஷமாக அங்கே இருந்தும் இன்னும் பவுண்டை ரூபாயில் பெருக்கிக்கொண்டு, கிரிக்கெட்டைத் தவிர வேறு ஆட்டம் தெரியாமல் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் உப்புமாவுக்கு ஹெண்டர்சன்ஸ் ரெலிஷ் என்கிற சாஸை ஊற்றிச் சாப்பிடுகிறேன். ஷெஃபீல்டு சரக்கு, உள்ளே புளி இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்னூக்கர் மட்டும் என்ன, 1875-ல் ஜபல்பூரில் பிறந்து, ஊட்டி கிளப்பில் விதி எழுதி ஒட்டிய ஆட்டம்தானே. ஆனால் சென்னையில் பெரிய கிளப் மேசைகள் மெம்பர்களுக்கு. வேட்டியை உள்ளே விடவே 2014-ல் சட்டம் போட வேண்டியிருந்தது. நான் ஆடியது கோடம்பாக்கத்தில், டயர் கடைக்கு மேல் மாடியில், மணிக்கணக்குக் காசுக்கு. தோற்றவன்தான் டேபிள் காசு கொடுக்க வேண்டும். அங்கே புள்ளி கணக்கு வைக்கிற மார்க்கராக இருந்தவரை நாங்கள் மாமா என்போம். கரண்ட் போனால் பந்து நின்ற இடத்தையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் யாரையும் மேசை பக்கம் நெருங்க விடமாட்டார்.

நான் கிளம்பும்போது அவர் தன் கியூவைக் கொடுத்தார். ஒரே நீளக் கட்டை, நடுவில் கழற்ற வராது. அம்மா தன் பழைய சுங்குடிப் புடவையில் சுற்றிக் கட்டினாள். விமானத்திலிருந்து வந்து சேர்ந்தபோது புடவை அப்படியே இருந்தது, உள்ளே இரண்டு துண்டு. நீங்கள் இரண்டாகக் கழற்றுகிற கியூவாக, கெட்டி உறையில் போட்டு எடுத்துப் போங்கள்.

போன வாரம் அயனாவரம் போய் மாமாவைப் பார்த்தேன். கண் சரியாகத் தெரியவில்லை, குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். “கியூ எப்படிப்பா இருக்கு?” என்றார். நேராக இருக்கிறது மாமா, துளி வளையவில்லை என்றேன்.