பழைய குண்டும் தோட்டாவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கிருஷ்ணகிரி மலைக்கோட்டை அடிவாரத்தில் எங்கள் நிலத்தை உழுதபோது 9 செ.மீ. விட்டமுள்ள இரும்புக் குண்டு கிடைத்தது. இது பீரங்கிக் குண்டா?

பதில்: ஆறு பவுண்டு பீரங்கிக் குண்டின் அளவு ஏறத்தாழ இதுவே. 1791 நவம்பரில் ஆங்கிலேயப் படை மலைமேல் உள்ள கோட்டையை ஏறிப் பிடிக்க முயன்று பின்வாங்கியது என்பதால், அந்த நிலத்தில் இத்தகைய குண்டு கிடைப்பதில் வியப்பில்லை. ஆனால் கனிமத்தைப் பொடியாக்கும் ஆலைகளிலும் இதே அளவுள்ள இரும்புக் குண்டுகள் பயன்படுவதால், அளவை மட்டும் வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன். திரி செருகும் துளையோ, துருவால் அடைபட்ட பள்ளமோ தெரிகிறதா என்று முதலில் தொடாமல் பாருங்கள். அப்படித் தெரிந்தால் அது உள்ளே குடைந்து மருந்து அடைத்த வெடிகுண்டாக இருக்கலாம். அதனுள் இருக்கும் கருமருந்து இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் காய்ந்தால் பற்றிக்கொள்ளும். கெட்டியான வார்ப்பிரும்புக் குண்டானால் எடை சுமார் 2.7 கிலோ இருக்கும். துரு அதிகம் தின்றிராவிட்டால், இரண்டு அச்சுகள் இணைந்த கோடும் உலோகம் ஊற்றிய தழும்பும் தெரியும். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் இன்றே எழுதி வையுங்கள். பழைய இரும்புக் கடையில் வாங்கிய குண்டுக்கு அந்தச் சான்று ஒருபோதும் கிடைக்காது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

கேள்வி: ராயக்கோட்டை அருகே ஒரு சாணுக்குச் சற்று மேல் நீளமுள்ள, ஒரு முனை மூடிய இரும்புக் குழாய் கிடைத்தது. இது திப்புவின் ராக்கெட்டா?

பதில்: இருக்கக்கூடும். 1791இல் ஆங்கிலேயரிடம் விழும்வரை ராயக்கோட்டை மைசூரின் கையில் இருந்தது. 2018இல் சிவமொக்கா மாவட்டம் நகராவில் ஒரு பழைய கிணற்றிலிருந்து ஆயிரத்தை ஒட்டிய மைசூர் ராக்கெட்டுகள் எடுக்கப்பட்டன. உங்கள் குழாயை அவற்றோடு ஒப்பிடலாம். அதை அறுக்கவோ, தட்டித் துரு நீக்கவோ வேண்டாம். மருந்து உள்ளே இறுகிக் கிடக்கலாம்.

கேள்வி: பித்தளைத் தோட்டாக் கூட்டின் அடியில் ‘கே’, ‘எஃப்’ எழுத்துகளும் ரோமன் ஏழும் உள்ளன. இது என்ன தோட்டா?

பதில்: இது புனே அருகிலுள்ள கிர்க்கி தொழிற்சாலையின் .303 (0.303 அங்குலத் துப்பாக்கி) தோட்டா. கூட்டின் நீளம் 56 மி.மீ. இருக்கும். முனையில் குண்டு இன்னும் பொருந்தியிருந்தால், அடியில் ஊசி குத்திய பள்ளம் இருந்தாலும் அது வெடிக்காமல் நின்ற தோட்டாவாக இருக்கலாம். உரிமமின்றி அதை வைத்திருப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றமாகும்.

கேள்வி: கல்குவாரி ஓரத்தில் கண்டெடுத்த, இரண்டு கம்பிகள் நீட்டிய சிறு அலுமினியக் குழாயைச் சேகரிப்பில் சேர்க்கலாமா?

பதில்: கூடாது. அது பெரும்பாலும் ராணுவப் பொருள் அன்று. பாறை உடைக்கும் வெடியை மின்சாரத்தால் தூண்டும் டெட்டனேட்டர். கம்பிகளைத் தொடாமல், அருகில் கைப்பேசியைப் பயன்படுத்தாமல், பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டுத் தள்ளிப் போய் 112 எண்ணை அழையுங்கள்.