குரல் ஏன் தாமதமாகக் கேட்கிறது?

கேள்வி: வீட்டிலேயே பாடிப் பதிவு செய்ய எந்த மென்பொருள் நல்லது? இப்போது ஆடாசிட்டியில் பாடினால் ஹெட்போனில் என் குரல் சற்றுப் பிந்தி வருகிறது. மென்பொருளை மாற்றினால் சரியாகுமா?

பதில்: மாற்றினால் மட்டும் சரியாகாது. கணினி ஒலியைச் சிறு சிறு கட்டுகளாகச் சேர்த்துத்தான் அனுப்பும். அந்தக் கட்டின் அளவே பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது ஒலியை நொடிக்கு 48,000 துளிகளாக (சாம்பிள்) எடுக்கும்போது, பஃபர் 1024 சாம்பிள் என்றால் ஏறத்தாழ 21 மில்லிசெகண்ட். உள்ளே போகும்போது ஒருமுறை, வெளியே வரும்போது ஒருமுறை என்று இது இரட்டிப்பாகும். பாடுகிறவருக்குத் தாளம் தடுமாற இது போதும்.

விண்டோஸ் என்றால் உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) தயாரிப்பாளர் தரும் ஆசியோ டிரைவரை, அதாவது ஒலித் தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருளை, நிறுவுங்கள். பதிவின்போது பஃபரை 128 ஆக்குங்கள். 'பட் பட்' என்று வெடிப்பொலி வந்தால் கணினி திணறுகிறது என்று பொருள், 256க்கு ஏற்றுங்கள். மிக்ஸிங்கின்போது (பதிவானவற்றைக் கலந்து சீராக்கும்போது) 1024 இருந்தாலும் பாதகமில்லை. இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பொத்தான் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை: குரல் கணினிக்குள் போகாமலே காதுக்கு வந்துவிடும். அப்போது மென்பொருளில் மானிட்டரிங்கை (பாடும் குரலை உடனே கேட்கச் செய்யும் வசதியை) அணைத்துவிடுங்கள், இல்லையேல் குரல் இரண்டாகக் கேட்கும்.

மென்பொருள்? மேக் என்றால் இலவசமான கராஜ்பேண்டே போதும். விண்டோஸுக்கு எங்கள் தேர்வு ரீப்பர். 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம். முகப்பைப் பார்த்து மிரளாதீர்கள், ஒரு வாரத்தில் கைவந்துவிடும். ஆடாசிட்டியையும் நீக்க வேண்டாம். வெட்டி ஒட்ட அது கெட்டிக்காரன்.

பதிவு 24 பிட்டில் இருக்கட்டும், ஒலி அளவின் உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்ட வேண்டாம்.