கழன்ற காந்தத்தைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். ஃபேன், பம்ப் மோட்டார்தான் பழக்கம். இப்போது எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் மோட்டாரும் வருகிறது. ஏற்காட்டிலிருந்து தினமும் சேலம் வந்து போகிற ஒருவரின் வண்டி. மோட்டார் சக்கரத்துக்குள் இல்லை, நடுவில் இருக்கிறது. ரோட்டார் (உள்ளே சுழலும் பாகம்) மேல் 8 காந்தம். அதில் இரண்டு கழன்று ஸ்டேட்டரில் (சுற்றியிருக்கும் அசையாத காயில் பாகம்) உரசியிருந்தன. ரோட்டாரைப் பெட்ரோலில் கழுவி, ஐந்து நிமிடத்தில் இறுகுகிற எபாக்சி போட்டு ஒட்டிக் கொடுத்தேன். இரண்டே மாதத்தில், மலை ஏறும்போது மறுபடி கழன்றுவிட்டது. காந்தத்தோடு பசையும் அப்படியே பெயர்ந்து வந்துவிட்டது. எந்தப் பசை வாங்கலாம் சார்? மேலே நூல் சுற்றினால் நிற்குமா?

பதில்: பசையின் பெயரை அப்புறம் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் எனக்கு உபயோகமான வரி ஒன்றுதான்: காந்தத்தோடு பசையும் பெயர்ந்து வந்தது.

கழன்ற காந்தத்தைத் திருப்பிப் பார்த்தால் பாதி விடை அதிலேயே இருக்கும். பசை முழுக்கக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு, ரோட்டார் இரும்பு பளிச்சென்று இருந்தால், பசை இரும்பைப் பிடிக்கவே இல்லை. அது சுத்தம் செய்ததில் வந்த குறை. பசை நடுவில் கிழிந்து இரண்டு பக்கமும் பாதிப் பாதி நின்றால், பசைதான் சூட்டிலோ இழுப்பிலோ தோற்றிருக்கிறது. மூன்றாவது ஒன்று உண்டு, பலர் கவனிப்பதில்லை. ரோட்டாரில் ஒட்டியிருக்கும் பசையின் மேல் வெள்ளியாக ஒரு மெல்லிய தகடு மினுங்கும், காந்தத்தின் அடி கறுப்பாக, பொடிப்பொடியாக இருக்கும். காந்தத்தின் நிக்கல் பூச்சு உரிந்து வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் காந்தத்துக்கு உலகத்தில் எந்தப் பசையும் உதவாது. மாற்றத்தான் வேண்டும்.

உங்களுடையது முதல் வகை. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் கிரீஸைக் கரைக்கும், உண்மைதான். ஆனால் ஆவியான பிறகு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். பேரிங் கழுவ அது நல்லது, பசை போடுகிற இடத்துக்கு ஆகாது. நம் கடைகளில் இன்னொரு எதிரியும் உண்டு: வார்னிஷ். காயிலுக்கு வார்னிஷ் ஊற்றிய அதே மேஜையில், அதே கையுறையோடு ரோட்டாரையும் தொடுவோம். துருவுக்கு அடிக்கிற ஸ்பிரேயும் அப்படித்தான், ஒரு முறை பட்டால் லேசில் போகாது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். காந்தம் 40 மி.மீ. நீளம், 15 மி.மீ. அகலம், 4.5 மி.மீ. கனம் என்று வைத்துக்கொள்வோம். நியோடிமியம் காந்தத்தில் ஒரு கன செ.மீ. சுமார் 7.5 கிராம், ஆக இது 20 கிராம். மையத்திலிருந்து 30 மி.மீ. தூரத்தில் 3,000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 3,000 சுற்று) சுற்றினால் அதை வெளியே இழுக்கும் விசை சுமார் 6 கிலோ. 6,000 ஆர்.பி.எம்.மில் 24 கிலோ, 12,000-த்தில் 96 கிலோவுக்கு மேல். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. ஒட்டியிருக்கும் பரப்பு 6 சதுர செ.மீ. அதனால் 6,000 ஆர்.பி.எம்.மில்கூட ஒரு சதுர செ.மீ.க்கு 4 கிலோதான். மலை ஏறும்போது டார்க் (மோட்டாரின் திருகு விசை) 12 நியூட்டன் மீட்டர் என்றாலும், பக்கவாட்டில் ஒவ்வொரு காந்தத்துக்கும் சுமார் 5 கிலோவே வருகிறது.

நல்ல ஸ்ட்ரக்சுரல் பசை (பாரம் தாங்கும் பாகங்களை ஒட்டுவது) சுத்தமான இரும்பில் சதுர செ.மீ.க்கு 150 கிலோ அளவில் தாங்கும். தேவை 4, தாங்குவது 150. அப்படியும் கழல்கிறது என்றால் வலு போதாமல் கழலவில்லை. அழுக்கும் சூடும்தான் அந்த 150-ஐத் தின்கின்றன.

சூட்டுக்கு வருவோம். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள். ஏற்காடு 1,500. அந்த வண்டி தினமும் ஏறத்தாழ 1,200 மீட்டர் ஏறுகிறது. ஆளோடு 200 கிலோ என்றால், தூக்குவதற்கு மட்டுமே அரை யூனிட்டுக்கு மேல் கரண்ட் வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் வேகம் குறைந்து மறுபடி திருகல். வேகம் கம்மி, ஆம்பியர் ஜாஸ்தி, காற்றோட்டமும் இல்லை. மோட்டார் சூடாவதற்கு இதைவிட நல்ல பாதை கிடைக்காது. சீக்கிரம் இறுகும் எபாக்சி பெரும்பாலும் 50, 60 டிகிரி தாண்டியதும் இளக ஆரம்பிக்கும். பொம்மை ஒட்ட அது போதும்.

சூட்டில் இன்னொரு தந்திரமும் நடக்கிறது. இரும்பு சூடானால் விரியும். நியோடிமியம் காந்தமோ, காந்தம் ஏற்றிய திசைக்குக் குறுக்கே விரியாது, துளி சுருங்கக்கூடச் செய்யும். உங்கள் 40 மி.மீ. காந்தத்தில் சூடு 80 டிகிரி ஏறினால், இரும்புக்கும் காந்தத்துக்கும் நீளத்தில் வருகிற வித்தியாசம் சுமார் 0.04 மி.மீ. ஒவ்வொரு முனையிலும் 0.02. பசை 0.1 மி.மீ. கனத்தில் இருந்தால், தன் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு பக்கவாட்டில் நெளிந்தால் போதும். அழுத்தி அழுத்தி 0.02 மி.மீ. ஆக்கிவிட்டால் தன் கனமளவுக்கே இழுபட வேண்டும். கண்ணாடி மாதிரி இறுகுகிற பசை அங்கே ஓரத்திலிருந்து விரிசல் விடும். மேலே ஏறிச் சூடு, இறங்கிக் குளிர்ச்சி என்று தினமும் நடந்தால் விரிசல் உள்ளே நடந்து போய்க்கொண்டே இருக்கும். சூப்பர் குளூ இந்த வேலைக்கு ஆகாது என்பதற்குக் காரணமும் இதுதான்: படலம் மெல்லிசு, நெளிவே கிடையாது, சூடும் தாங்காது.

அதனால் பசை வாங்கும்போது 'எவ்வளவு ஸ்ட்ராங்' என்று கேட்காதீர்கள். டேட்டா ஷீட்டை வாங்கி, 120 டிகிரியில் எவ்வளவு வலு மிஞ்சுகிறது என்ற வரியைப் பாருங்கள். என் கை போவது இரண்டு வகைக்கு. ஒன்று, ஆக்டிவேட்டரோடு (பசையை இறுகவைக்கும் திரவம்) வரும் நெகிழ்வூட்டிய அக்ரிலிக் பசை. மோட்டார் காந்தத்துக்கென்றே விற்கிறார்கள். ஒரு பக்கம் ஆக்டிவேட்டர், மறுபக்கம் பசை, ஓரிரு நிமிடத்தில் பிடித்துவிடும். இன்னொன்று, சூட்டில் இறுக்கும் நெகிழ்வூட்டிய எபாக்சி. உங்கள் கடைக்கு நான் முதல் வகையைத்தான் சொல்வேன். ஓவன் வேண்டாம், ஓவனால் வரும் வம்பும் வேண்டாம்.

அந்த வம்பு என் அனுபவம். டிசி மோட்டாரின் ஆர்மேச்சருக்கு (காயில் சுற்றிய சுழலும் பாகம்) மேலே சுற்றுகிற கண்ணாடி இழை பேண்டிங் டேப் நமக்கெல்லாம் தெரிந்ததுதானே. ஒருமுறை காந்த ரோட்டார் மேல் அதைச் சுற்றி, ஆர்மேச்சருக்குச் செய்வதுபோலவே 150 டிகிரியில் ஓவனில் வைத்துவிட்டேன். டேப் கல்லாக இறுகியது. காந்தம் செத்துவிட்டது. மோட்டார் ஓடும், இழுக்காது. நியோடிமியத்தில் பின்னெழுத்து இல்லாத சாதாரண கிரேடுக்கு 80 டிகிரிதான் எல்லை. எம் என்றால் 100, ஹெச் 120, எஸ்.ஹெச் 150, யு.ஹெச் 180. கிரேடு தெரியாத ரோட்டாரை ஓவன் பக்கமே கொண்டுபோக வேண்டாம். பழைய பசையை இளக்க ஹீட் கன் காட்டும்போதும் இதே எச்சரிக்கை.

இனி வேலை. கழற்றுவதற்கு முன் மார்க்கரால் ஒவ்வொரு காந்தத்துக்கும் எண்ணும் துருவமும் எழுதுங்கள். வடக்கு, தெற்கு மாறி மாறி வரவேண்டும். ஒன்று தப்பினாலும் மோட்டார் உறுமும், உதறும். நன்றாக இருக்கிற ஆறு காந்தத்தையும் காசால் லேசாகத் தட்டிப் பாருங்கள். ஒட்டியது கெட்டியாகக் கேட்கும், விட்டது பொத்தென்று கேட்கும். ஒன்றிரண்டு விட்டிருந்தால் எட்டையும் எடுத்து மறுபடி ஒட்டுவதே மேல். முனை உடைந்தது, பூச்சு கொப்புளித்தது, துருப்பொடி உதிர்கிறது எல்லாம் கழிவு. புதுக் காந்தம் வாங்கினால் அதன் அடிக்குழிவும் ரோட்டார் வளைவும் ஒன்றாக இருக்கவேண்டும். 30 மி.மீ. ஆர வளைவின் மேல் 15 மி.மீ. அகலத் தட்டைக் காந்தத்தை வைத்தால் ஓரத்தில் கிட்டத்தட்ட 1 மி.மீ. இடைவெளி விழும். அதைப் பசையால் நிரப்பி ஏமாற்ற முடியாது.

இரும்பை 120 நம்பர் எமரியால் குறுக்கும் நெடுக்குமாகத் தேயுங்கள். காந்தத்தின் அடியை மட்டும் நல்ல நைஸ் எமரியால் பளபளப்புப் போகிற அளவுக்குத் தொட்டால் போதும். நிக்கல் பூச்சைத் தாண்டிவிட்டால் உள்ளே துரு பிடிக்கும். பிறகு அசிட்டோன், பஞ்சு உதிராத புதுத் துணி. ஒரு துடைப்புக்கு ஒரு துணி, முன்னும் பின்னுமாகத் தேய்க்காமல் ஒரே பக்கமாக இழுங்கள். பக்கத்தில் வெல்டிங் நடந்தால் அசிட்டோன் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க, இரும்பின் மேல் துளித் தண்ணீர் விடுங்கள். படலமாகப் பரவினால் சரி. முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, மறுபடி துடையுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு முலாம் பூசுகிற யாரையும் கேளுங்கள், இந்தச் சோதனை அவர்களுக்கு அத்துப்படி. சோதித்த தண்ணீரை நன்றாக உலர்த்தி, இன்னொரு முறை அசிட்டோன். அதன்பின் வெறும் விரல் படக்கூடாது. காந்தத்தில் ஒட்டிய இரும்புத்தூளைத் துடைத்தால் போகாது. செல்லோ டேப்பை ஒட்டி உரித்தால் வந்துவிடும்.

பசையின் கனத்துக்கு உங்கள் கடையிலேயே அளவுகோல் இருக்கிறது. 42 கேஜ் காயில் கம்பி கிட்டத்தட்ட 0.1 மி.மீ. காந்தத்தின் இரு ஓரத்துக்கும் கீழே ஒவ்வொரு துண்டு வைத்து அழுத்தினால் பசை அதற்குக் கீழே இறங்காது. பசையை நடுவில் கோடாகப் போட்டு, காந்தத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து இறக்குங்கள், காற்று வெளியேறும். ஓரத்தில் பிதுங்குவதை முழுக்க வழிக்க வேண்டாம். அந்தச் சின்ன விளிம்புதான் ஓரம் உரியாமல் காக்கிறது. காந்தங்கள் ஒன்றையொன்று இழுத்து விரலைக் கடிக்கும், மோதினால் சில்லு தெறிக்கும். ஆகவே கண்ணாடி போட்டுக்கொண்டு, நடுவில் மரத்துண்டோ பிளாஸ்டிக் துண்டோ செருகி, ஒவ்வொன்றாக ஒட்டுங்கள். எட்டும் உட்கார்ந்ததும் ஓ.ஹெச்.பி. ஷீட்டை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) ஒரு சுற்றுச் சுற்றி, மேலே சைக்கிள் டியூப் பட்டையை இழுத்துக் கட்டி ஒரு நாள் விடுங்கள்.

நூல் கேட்டீர்கள். அம்மாப்பேட்டையில் நூலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் தறி நூல் வேண்டாம். பருத்தி வலுவில்லை, நைலான் சூட்டில் நீளும். கெவ்லர் (வலுவான செயற்கை இழை) அல்லது கண்ணாடி இழை நூலை எபாக்சியில் நனைத்து, இழுத்துப் பிடித்து நெருக்கமாக ஒரே அடுக்கு சுற்றுங்கள். அறை வெப்பத்தில் இறுகி, சூடு தாங்குகிற எபாக்சியாக இருக்கட்டும். சுற்றுவதற்கு முன் ஏர் கேப்பை, அதாவது ரோட்டாருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை, அளந்துவிடுங்கள்: ஸ்டேட்டர் உள்விட்டத்திலிருந்து ரோட்டார் வெளிவிட்டத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால் வரும். 0.8 மி.மீ. இருந்தால் 0.3 மி.மீ. சுற்று தாராளம், 0.4 மட்டுமே இருந்தால் சுற்ற வேண்டாம். எம்.எஸ். (சாதாரண இரும்பு) தகடோ இரும்புப் பைண்டிங் கம்பியோ போடவே கூடாது. காந்தப்பாய்வு அதன் வழியாகவே பக்கத்துக் காந்தத்துக்குத் தாவிவிடும். மெல்லிய எஸ்.எஸ். 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குழாய் போடலாம், அதற்குத் துல்லியமான லேத் வேலை வேண்டும், அதுவும் கொஞ்சம் சூடாகும். 2021-இல் வந்த டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டில் ரோட்டாருக்குக் கார்பன் இழையால் உறை போட்டார்கள். நாம் கெவ்லரில் செய்வதும் அதன் ஏழை உறவுதான்.

ஸ்கூட்டர் வேகத்துக்கு இந்த நூல் சுற்று கட்டாயமா என்றால், கணக்குப்படி இல்லை. ஆனாலும் நான் போடுவேன். கழன்ற காந்தம் ஸ்டேட்டரில் சிக்கினால் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும். பதினைந்தாவது வளைவில், மழையில், அது நடப்பதை நினைத்தால் கெவ்லர் விலை ஒன்றும் பெரிதில்லை. 20,000 ஆர்.பி.எம். ஸ்பிண்டில், வேக்குவம் கிளீனர் மாதிரி மோட்டார் வந்தால், உறை போட வசதியில்லாமல் கை வைக்காதீர்கள். சக்கரத்துக்குள் இருக்கிற ஹப் மோட்டாரில் கதை வேறு: காந்தம் வெளி வளையத்தின் உள்பக்கம் இருப்பதால் சுழற்சியே அதை வளையத்தோடு அழுத்தும். அங்கே கழல்வது பெரும்பாலும் தண்ணீர் புகுந்து துருவேறித்தான், ஆகவே தண்ணீரைத் தடுக்கும் சீல் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மூடுவதற்கு முன் ரோட்டாரை இரண்டு சமமான விளிம்புகள் மேல் உருட்டிப் பாருங்கள். ஒரே பக்கம் கீழே வந்து நின்றால் எதிர்ப்பக்கம் எபாக்சி மாவு கொஞ்சம் வையுங்கள். முனைப்பக்கத்தில் காந்தத்திலிருந்து ரோட்டார் வரை மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்துவிடுங்கள். வண்டிக்காரரிடம் இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லி, திறந்து அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு ஒடிந்திருந்தால் எனக்கு எழுதுங்கள், கழன்ற காந்தத்தின் அடியைப் படம் எடுத்து அனுப்ப மறக்காதீர்கள்.