வேலை நின்ற பிறகும் ஓடும் மீட்டர்: கேள்வி பதில்

தொழிற்கூடங்களில் மின்சார ஆடிட் செய்வது என் வேலை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்.

சார், சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். கரண்ட் பில்லைக் குறைக்க எதிலிருந்து ஆரம்பிப்பது?

மீட்டரிலிருந்து. ஒரு வாரத்துக்கு, இரவு பூட்டும்போதும் காலையில் திறந்ததும் ரீடிங் எழுதி வையுங்கள். ஒரு பொருள்கூடத் தயாராகாத அந்த நேரத்தில் எத்தனை யூனிட் போயிருக்கிறது? 3 கிலோவாட் சும்மா இழுத்தாலே 12 மணி நேரத்தில் 36 யூனிட், மாதத்துக்கு 1,080. புது மெஷினைப் பற்றி யோசிப்பது இதற்குப் பிறகுதான்.

இரவில் யாரும் காற்றைப் பயன்படுத்துவதில்லை. ஆனாலும் கருவிகளுக்குக் காற்றை அழுத்திக் கொடுக்கும் கம்ப்ரஸர் அவ்வப்போது ஓடுகிறதே?

லீக். நான் போன இடங்களில் அதிகம் பார்த்ததும், மனம் பொறுக்காததும் இதுதான். கம்ப்ரஸருக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே போய்விடும். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் காற்றாக வேலைக்கு வரும். அதையும் ஓட்டை வழியே விடலாமா?

எல்லாக் கருவிகளையும் நிறுத்திவிட்டு, கையில் கடிகாரத்தோடு பக்கத்தில் நில்லுங்கள். 10 நிமிடத்தில் மொத்தம் 2 நிமிடம் லோடில், அதாவது காற்றை அழுத்தியபடி, ஓடினால், அதன் திறனில் 20 சதவீதம் லீக்குக்கே போகிறது. பிறகு சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு ஜாயிண்டிலும் தடவுங்கள். ஹோஸ் கிளிப்புக்கு அடியில் நுரை மெதுவாகப் பொங்கி வரும். அங்கேதான் உங்கள் பணம் போகிறது. கிளிப்பை இறுக்கவும் டேப் சுற்றவும் பெரிய செலவில்லை. அடுத்து பிரஷரைப் பாருங்கள். அதை அளக்கும் அலகு பார். கருவிக்கு 6 பார் போதும் என்றால் 8 எதற்கு? 1 பார் குறைத்தால் சுமார் 7 சதவீதம் மிச்சம்.

கெப்பாசிட்டர் போட்டால் யூனிட் 30 சதவீதம் குறையும் என்று ஒருவர் விற்க வந்தார். வாங்கலாமா?

அந்த வாக்கை நம்பி வாங்காதீர்கள். கெப்பாசிட்டர் லைனில் ஓடும் ஆம்பியரைக் குறைக்கும்; மோட்டார் செய்யும் வேலைக்கான யூனிட்டைக் குறைக்காது. ஆனால் உங்கள் பில்லில் கேவிஏ டிமாண்டுக்கோ (லைனிலிருந்து நீங்கள் இழுக்கும் உச்ச அளவு) குறைந்த பவர் ஃபேக்டருக்கோ (இழுப்பதில் உண்மையில் வேலைக்கு வரும் பங்கு) கட்டணம் விழுகிறதென்றால், கணக்குப் போட்டுப் பார்த்துக் கட்டாயம் போடுங்கள்.

புளோயர் காற்று அதிகமாக வருகிறது என்று காற்று வழியில் உள்ள தடுப்புத் தகட்டை, அதாவது டேம்பரை, பாதி மூடி வைத்திருக்கிறோம். சரியா?

பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரையும் அழுத்துகிறீர்கள். மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ் போட்டு வேகத்தைக் குறையுங்கள். வேகம் 80 சதவீதமானால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும். உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பில் மட்டும் இவ்வளவு கிடைக்காது.

டியூப் லைட்டை எல்இடியாக மாற்றலாமா?

மாற்றுங்கள். யோசிக்க ஒன்றுமில்லை.

நான் மெயின்டனன்ஸ் ஆள். முதலாளி இதற்கெல்லாம் பணம் ஒதுக்க மாட்டேன் என்கிறார்.

லீக்கை மட்டும் முதலில் அடையுங்கள் தம்பி. அதற்கு முந்தைய வாரத்தின் இரவு ரீடிங்கையும் அடைத்த பிறகு எடுத்த ரீடிங்கையும் ஒரே தாளில் எழுதி, அவர் மேஜையில் வையுங்கள். டிரைவைப் பற்றி அன்றைக்குக் கேளுங்கள்.