ஆபீசுக்கு சைக்கிள்: தபால்காரரிடம் கேளுங்கள்

மாம்பலம், மயிலாப்பூர் பக்கம் சைக்கிளிலேயே தபால் பட்டுவாடா செய்து ஓய்வுபெற்றவர், இந்த இதழில் வாசகர்களின் சைக்கிள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

மேற்கு மாம்பலத்தில் வீடு, மயிலாப்பூரில் ஆபீஸ். பைக்கை விட்டு சைக்கிளுக்கு மாற ஆசை. "அண்ணா சாலையில் பஸ்ஸுக்கு நடுவில் மாட்டிக்கொள்வாய்" என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். போகலாமா?
– மாம்பலம் வாசகர்

தாராளமாகப் போகலாம் தம்பி. ஆனால் பைக்கில் போன வழியிலேயே சைக்கிளிலும் போகாதீர்கள். பைக்காரர் வேகத்துக்காக மெயின் ரோட்டைப் பிடிக்கிறார். நமக்கு அந்த வேகம் எந்த ரோட்டிலும் கிடைக்கப்போவதில்லை. அப்புறம் எதற்கு அந்தப் புகையும் ஹாரனும்?

உங்களுக்கு அண்ணா சாலையில் ஓட்டவேண்டிய அவசியமே இல்லை, குறுக்கே தாண்டினால் போதும். துரைசாமி சுரங்கப்பாதை வழியாக தி.நகருக்குள் வந்து, பாண்டி பஜார் இருக்கிற தியாகராய சாலையைப் பிடித்தால் தேனாம்பேட்டையில் அண்ணா சாலை வரும். எதிரே எல்டாம்ஸ் சாலை. அது ஆழ்வார்பேட்டையில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து லஸ் சர்ச் சாலை, அவ்வளவுதான். எங்கே ஒருவழிப்பாதை, எங்கே மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்திருக்கிறார்கள் என்பது மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சும்மா ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். வண்டியை நேரே விடாத இடத்தில் இறங்கி, நடக்கிறவர்களோடு ஜீப்ரா கோட்டில் தள்ளிக்கொண்டு தாண்டிவிடலாம். பைக்காரருக்கு இந்தச் சலுகை கிடையாது.

புதிதாக ஓட்டுகிறவர்கள் பயத்தில் இடது ஓரத்தை ஒட்டியே போவார்கள். மணல், கண்ணாடித் தூள், வடிகால் கம்பி, நிறுத்திவைத்த காரின் கதவு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. நிற்கிற கார்களிலிருந்து ஒரு கதவு அகலமாவது தள்ளி, நேர்கோட்டில் போங்கள். இரண்டு காருக்கு நடுவில் இடம் கிடைக்கிறதே என்று உள்ளே புகுந்து புகுந்து வெளியே வராதீர்கள். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் திடீரென்று முளைத்த மாதிரி இருக்கும். சிலர் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும். ஹாரன் அடிக்கிறவர் நம்மைப் பார்த்துவிட்டார் என்றுதானே அர்த்தம்?

ஸ்டாப்பில் நிற்கிற பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் மட்டும் எந்த அவசரத்திலும் புகவேண்டாம். இறங்குகிறவர் மேல் மோதுவீர்கள், இல்லாவிட்டால் பஸ் ஓரம் கட்டும்போது நசுங்குவீர்கள். சிக்னலில் பஸ் பக்கத்தில் நின்றால் அதன் கண்ணாடியைப் பாருங்கள். அதில் டிரைவர் முகம் தெரியவில்லையென்றால் அவருக்கும் உங்களைத் தெரியவில்லை. ஷேர் ஆட்டோ விஷயத்தில் ஆட்டோவைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, அது சிக்னல் காட்டாது. பிளாட்பாரத்தில் நிற்கிறவர் கையைப் பாருங்கள். கை மேலே போனால் உங்கள் முன்னால் போகிற ஆட்டோ அங்கேயே நிற்கப்போகிறது.

கடையில் 21 கியர் சைக்கிளை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– அசோக் நகர் வாசகர்

சென்னையில் ஏறுவதற்கு இருப்பவை மேம்பாலங்களும் பரங்கிமலையும்தான். மேம்பாலம் சைக்கிளுக்கு ஆகாது, கீழே சர்வீஸ் ரோட்டில் போங்கள். பரங்கிமலையில் உங்களுக்கு ஆபீஸ் இல்லையே? கியர் இல்லாத சைக்கிளே போதும். எதிர்க்காற்றுக்காக வேண்டுமென்றால் பின்னால் மட்டும் ஏழு கியர் இருப்பதை வாங்குங்கள். முன்னால் ஷாக் அப்சார்பர் வைத்தது வேண்டாம். எடைதான் கூடும், மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கு அந்த ஸ்பிரிங்குக்கே போய்விடும்.

கியரைவிட மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர், பெல் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது பளபளவென்று விற்கிற சைக்கிள்களில் இவை இருப்பதில்லை. மட்கார்டு இல்லாமல் ஒரு தூறலில் போனால் சட்டை முதுகில் சேற்றுக் கோடு விழுந்திருக்கும், அதோடுதான் மேனேஜர் முன்னால் நிற்க வேண்டும்.

வால்வையும் கேட்டு வாங்குங்கள். பைக் டியூபில் இருக்கிற மாதிரி மோட்டார் வால்வு என்றால் பெட்ரோல் பங்க்கிலேயே காற்று அடிக்கலாம். வால் டியூப் போட்ட பழைய வால்வுக்குக் கைப்பம்புதான். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும்.

சீட்டின் உயரத்தைக் கடையிலேயே சரிசெய்யச் சொல்லுங்கள். சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கிற பெடலில் குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நீளவேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பீர்கள், அப்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். நம் ஊரில் பாதிப் பேர் சீட்டைத் தாழ்த்திவைத்து ஓட்டிவிட்டு, சைக்கிள் ஓட்டினால் முட்டி வலிக்கிறது என்கிறார்கள்.

குரோம்பேட்டையில் பள்ளி ஆசிரியை. துப்பட்டா, வியர்வை, போதாததற்கு தெருவில் கிண்டல். இதற்கெல்லாம் வழி உண்டா?
– குரோம்பேட்டை வாசகி

துப்பட்டாவை ஒரு தோளில் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்துவிடுங்கள் அம்மா. நுனி தொங்கக்கூடாது, பின்சக்கரத்தில் சுற்றினால் ஆளையே இழுத்துப் போட்டுவிடும். செயின் வலது பக்கம் இருப்பதால் வலது கால் பேன்ட்டுக்கு மட்டும் ஒரு ரப்பர் பேண்ட். சேலை என்றால் செயினை முழுதாக மூடுகிற கவரும், பின்சக்கரத்துக்கு டிரெஸ் கார்டும் இருக்கிற லேடீஸ் சைக்கிள்.

வியர்வைக்குப் பாதிக் காரணம் முதுகில் மாட்டுகிற பை. அதைக் கேரியரில் கட்டுங்கள். பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பி மெதுவாக மிதியுங்கள், போனதும் ஃபேனுக்குக் கீழே கொஞ்சம் உட்காருங்கள். ஏப்ரல், மே மாதத்தில் இது போதாது, மாற்று உடுப்பு கொண்டுபோகத்தான் வேண்டும்.

கிண்டலுக்கு என்னிடம் மருந்தில்லை. என் தங்கை புதுக்கோட்டைப் பக்கம் வாக்கப்பட்டுப் போனவள். 1990களின் தொடக்கத்தில், எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கம் அந்த மாவட்டத்துப் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு, அதனால் பல பெண்கள் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். பாரில் குழந்தையை உட்காரவைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. ஊரில் பேசாத பேச்சு இல்லையாம். நாலு பேர் சேர்ந்து போக ஆரம்பித்ததும் பேச்சு குறைந்தது என்பாள். உங்கள் பள்ளியிலும் இன்னொரு டீச்சரைக் கிளப்பிவிடப் பாருங்கள்.

சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயமா?
– பெரம்பூர் வாசகர்

சட்டப்படி இல்லை, மோட்டார் வாகனச் சட்டம் கேட்பது மோட்டார் சைக்கிளுக்குத்தான். இருந்தாலும் காற்றுத் துளை வைத்த சைக்கிள் ஹெல்மெட் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு திரும்புகிறவர் என்றால் அதற்கும் முன்னால் பின்புறச் சிவப்பு விளக்கை வாங்குங்கள்.

நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது தெருநாய்கள் துரத்துகின்றன. என்ன செய்வது?
– அம்பத்தூர் வாசகர்

என் துறைக்கு வந்துவிட்டீர்கள். நாய் துரத்துவது வேகத்தை. மிதித்துத் தப்பிக்கலாம் என்று நினைத்தால் அதற்கு இன்னும் உற்சாகம். காலைத் தூக்கி உதைக்கப் போனால் விழுவது நீங்கள்தான். கும்பல் இருக்கிற முனை தெரியும் அல்லவா, அதற்கு முன்னாலேயே இறங்கிவிடுங்கள். நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிள் இருக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, அதன் கண்ணை முறைக்காமல் நடந்து தாண்டுங்கள். பிஸ்கட் போட்டுப் பழக்கச் சொல்கிறவர்களும் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. நாளைக்கு அது பிஸ்கட்டுக்காக ஓடிவருமே!

பல் பட்டாலோ நகம் கீறினாலோ மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அங்கே இலவசம்.

மழைக்காலத்தில் சைக்கிளை மூலையில் போடுவதைத் தவிர வழியில்லையா?
– வேளச்சேரி வாசகர்

தூறலில் ஓட்டலாம். தண்ணீர் தேங்கி ரோடு கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் ஓட்டாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் துரைசாமி, அரங்கநாதன் சுரங்கப்பாதைகள் நிரம்பினால் பஸ்ஸே நிற்கும், நாம் எம்மாத்திரம்? தண்ணீருக்கு நடுவில் ஒரு மரக்கிளையோ கழியோ நட்டிருந்தால் அங்கே மூடி இல்லாத சாக்கடைக் குழி இருக்கிறது, யாரோ புண்ணியவான் அடையாளம் வைத்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். நனைந்த இரும்பு மூடி மேலும் வெள்ளைக் கோட்டின் மேலும் ஹேண்டில்பாரைத் திருப்பாதீர்கள், வழுக்கும். ரிம்மில் தண்ணீர் இருந்தால் பிரேக் உடனே பிடிக்காது. அதனால் சிக்னல் தூரத்தில் தெரியும்போதே லேசாகப் பிடித்துப் பிடித்து விடுங்கள். நீளமான மழைக்கோட்டைவிடச் சட்டையும் பேன்ட்டுமாக வருகிற மழை உடுப்பு நல்லது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்து, செயினில் மெல்லிய ஆயில் விட்டு மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். பைக்கிலிருந்து வடித்த கழிவு ஆயில் வேண்டாம், மண்ணை இழுத்து அப்பிக்கொள்ளும்.

வாரம் தவறாமல் பஞ்சர். கடைக்காரர் டியூபையே மாற்றச் சொல்கிறார். மாற்றட்டுமா?
– வியாசர்பாடி வாசகர்

முதலில் ஓட்டைகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை என்றால் காற்று குறைவு, பள்ளத்தில் இறங்கும்போது ரிம் டியூபைக் கடித்திருக்கிறது. ரிம் பக்கமாக ஓட்டை என்றால் உள்ளே ரிம் டேப் விலகி ஸ்போக் முனை குத்துகிறது. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் என்றால் டயருக்குள் ஏதோ உட்கார்ந்திருக்கிறது. கருவேல முள்ளின் நுனியாகவோ, தேய்ந்த பஸ் டயரிலிருந்து உதிர்ந்த மயிரிழைக் கம்பியாகவோ இருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. டயரின் உட்புறம் முழுக்க ஒரு பஞ்சை மெதுவாகத் தேய்த்துக்கொண்டே வந்தால் அது சிக்குகிற இடத்தில் நிற்கும். குறட்டால் பிடுங்கிவிடுங்கள்.

ஒட்டு நிற்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம்தான். உப்புத்தாளால் பளபளப்பு போகிற வரை தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஈரம் காய்ந்து லேசாகப் பிசுபிசுக்கிற வரை காத்திருந்து பிறகுதான் ஒட்டவேண்டும். பல கடைகளில் தடவிய கையோடு ஒட்டிவிடுகிறார்கள். பக்கத்திலேயே நின்று, "அண்ணே, கொஞ்சம் காயட்டும்" என்று சொல்லுங்கள். வால்வைச் சுற்றி விரிசல் விட்டிருந்தால் மட்டும் புது டியூப்.