கேளுங்கள், சொல்கிறேன்: பினாங்கின் நீல மாளிகை

கேள்வி: பள்ளி விடுமுறைக்குப் பினாங்கு போயிருந்தோம். லீத் ஸ்திரீட்டில் கருநீலச் சுவரோடு ஒரு பெரிய சீன மாளிகை. உள்ளே ஹோட்டல் நடக்கிறதாம். யார் வீடு அது? இப்படிப்பட்ட வீட்டை ஹோட்டலாக்கலாமா?
– ஈப்போ வாசகி

பதில்: சியோங் ஃபாட் ட்ஸியின் வீடு அம்மா. 1840-இல் சீனாவின் குவாங்டோங்கில் பிறந்தவர், ஹக்கா என்ற சீனப் பிரிவைச் சேர்ந்தவர். பதின்ம வயதில் வெறுங்கையோடு பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, பிழைக்க வந்தவர். வணிகத்தில் மளமளவென்று உயர்ந்து, பினாங்கில் சீன அரசின் துணைத் தூதராகவும் இருந்தார். 1892-இல் சீனாவின் யன்தாயில் அவர் தொடங்கிய திராட்சை மது ஆலை இன்றும் நடக்கிறது. 1916-இல் அவர் இறந்தபோது ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டார்கள்.

வீடு 1904 வாக்கில் முடிந்தது. 38 அறைகள், 5 முற்றங்கள், 7 மாடிப்படிகள், 220 சன்னல்கள். நடு முற்றத்தில் நின்று பாருங்கள். வார்ப்பிரும்புத் தூண்கள் கிளாஸ்கோவிலிருந்து கப்பலேறி வந்தவை. தரை ஓடுகள் இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட்டில் சுட்டவை. கூரை விளிம்பில் தெரியும் பூவும் பறவையும் வண்ணப் பீங்கான் கிண்ணங்களைக் குறடால் நறுக்கி, சில்லு சில்லாக ஒட்டிச் செய்தவை. அவ்வளவும் கைவேலை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத இடம் அந்தக் கூரைதான்.

கடைசி மகன் உயிரோடு இருக்கும்வரை வீட்டை விற்கக்கூடாது என்று உயில் எழுதி வைத்திருந்தார். அதனால்தான் வீடு கைமாறாமல் நின்றது. ஆனால் இவ்வளவு பெரிய வீட்டைப் பராமரிக்க வருமானம் வேண்டுமே! அறை அறையாக வாடகைக்குப் போனது, நாளாக ஆக வீடு சிதிலமானது. கடைசி மகன் 1989-இல் இறந்தார். பிறகு கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோவும் இன்னும் சிலரும் சேர்ந்து வீட்டை வாங்கிப் பல ஆண்டுகள் பழுது பார்த்தார்கள். 2000-இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது.

ஹோட்டலாக்கியது சரிதான் என்பேன். கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் போக் ஹவுஸ் என்று 1929-இல் கட்டிய அழகான மாளிகை ஒன்று இருந்தது. 1958 முதல் 2001 வரை அதில் உணவகம் நடந்தது. உணவகம் மூடியதும் வீடு சும்மா கிடந்தது. 2006 டிசம்பரில் இடித்துத் தள்ளிவிட்டார்கள். எனக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. ஆள் புழங்கி, வருமானமும் வந்தால்தான் ஓடு மாற்றுவார்கள், கரையானுக்கு மருந்தடிப்பார்கள்.

கேள்வி: பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரில் தெருவுக்குத் தெரு பழைய வீடுகள் ஹோட்டலாகிவிட்டனவே, ஏன்?
– சுங்கைப்பட்டாணி வாசகர்

பதில்: இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வீடுகளின் வாடகையைச் சட்டம் கட்டிப் போட்டிருந்தது. 2000-ஆம் ஆண்டு பிறந்ததோடு அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. வாடகை ஏறியது, தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். 2008-இல் ஜார்ஜ்டவுன் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த பிறகு முதலீட்டாளர்கள் வரிசை கட்டினார்கள். ஒரு மாளிகை ஹோட்டலாவது வேறு, குடும்பங்கள் வாழ்ந்த தெரு முழுக்க ஹோட்டலாவது வேறு. இரண்டாவதை என்னால் ஆதரிக்க முடியவில்லை.

கேள்வி: தைப்பிங்கில் எங்கள் தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர் வீடு இருக்கிறது. சுவரடியில் ஈரம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. சிமெண்ட் பூசி நல்ல பெயிண்ட் அடித்தால் நிற்கும் என்கிறார் குத்தகையாளர். செய்யலாமா?
– தைப்பிங் வாசகர்

பதில்: வேண்டாம் ஐயா, தயவுசெய்து வேண்டாம். நீல மாளிகையின் சுவரும் சுண்ணாம்புதான். அந்த நீலம் கடையில் வாங்கிய பெயிண்ட் இல்லை, சுண்ணாம்புப் பாலில் அவுரி நீலம் கலந்து அடித்தது. அந்தக் காலத்தில் அவுரி இந்தியாவிலிருந்துதான் வந்தது. வெயிலிலும் மழையிலும் அந்த நீலம் மங்கும், மறுபடி அடிக்க வேண்டும். செலவுதான், ஆனால் சுவர் பிழைத்துக்கொள்ளும்.

காரணம் இதுதான். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளை வழியே காற்றில் கலந்துவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். வெளியேற முடியாத ஈரம் இன்னும் மேலே ஏறும். ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சைத் தள்ளிவிடும். முதலில் பளிச்சென்று இருக்கும், அப்புறம் பாளம் பாளமாகப் பெயரும். பெயரும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கூரைத் தாழ்வாரக் குழாய் ஒழுகுகிறதா, சாக்கடை அடைத்திருக்கிறதா, சுவரை ஒட்டி வெளியே சிமெண்ட் தளம் போட்டிருக்கிறார்களா? அதைச் சரிசெய்துவிட்டுச் சுவரைக் காயவிடுங்கள், மாதக்கணக்கில் ஆகலாம். பிறகு நீர்த்த சுண்ணாம்பும் மணலும் கலந்து, மெல்லிய பூச்சாகப் பல தடவை பூசச் சொல்லுங்கள். ஒவ்வொரு பூச்சும் வெயிலில் சட்டென்று காய்ந்துவிடாமல் ஈரச் சாக்கால் மூடி வைக்க வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரியாது என்று குத்தகையாளர் சொன்னால் வேறு ஆளைத் தேடுங்கள். கோயில் திருப்பணியில் வேலை செய்த கொத்தனார் யாராவது இருக்கிறார்களா என்று அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.