மண்ணில் தங்கும் மருந்து: கேள்வி பதில்

பூதப்பாண்டி: மண்வள அட்டையில எல்லாம் நல்லாத்தான் வந்திருக்கு. மருந்து எச்சம் இல்லைன்னு நிம்மதியா இருக்கலாமா அண்ணாச்சி?

முடியாது. அந்த அட்டையின் 12 இனங்களில் கார அமில நிலை, உப்பு, கரிமம், பேரூட்டம், நுண்ணூட்டம்தான் உண்டு. எச்சத்துக்குத் தனிச் சோதனை; கோவை வேளாண் பல்கலைக்கழக பூச்சிக்கொல்லி நச்சியல் ஆய்வகத்தில் விசாரியுங்கள். ஏக்கருக்கு 10, 15 இடத்தில் சருகை விலக்கி, 15 செ.மீ. ஆழம் வெட்டி, ஓரத்தைச் சீவிக் கலந்து அரைக்கிலோ எடுங்கள். வெயிலில் உலர்த்தினால் சில மருந்துகள் ஆவியாகிவிடும், பிளாஸ்டிக் பை சிலவற்றை உறிஞ்சிவிடும். ஆகவே ஈரத்தோடு கண்ணாடிக் குப்பியில், ஐஸ் பெட்டியில். என்ன மருந்து, எந்தத் தேதி என்று கூடவே எழுதுங்கள். பட்டியலில் இல்லாத மருந்தைக் கருவி தேடாது.

மார்த்தாண்டம்: வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?

உண்டு. ஒரு தொட்டியை நடுவில் அட்டை வைத்துப் பிரியுங்கள். ஒரு பக்கம் உங்கள் மண், மறுபக்கம் மருந்தே படாத அதே வகை மண். இரண்டிலும் ஈரம் ஒன்றுபோல இருக்கணும், இல்லாவிட்டால் புழு ஈரத்தைத் தேடித்தான் போகும். அட்டையை உருவிவிட்டு, பிரிந்த கோட்டில் உரக்குழியின் சிவப்பு மண்புழு 10 விடுங்கள். துளையிட்ட மூடி போட்டு 48 மணி நேரம் கழித்து எண்ணுங்கள். எட்டுக்கு மேல் சுத்த மண்ணுக்குப் போயிருந்தால் உங்கள் மண் புழுவுக்கு ஆகவில்லை. ஐந்தாறு தொட்டியில் செய்தால்தான் நம்பலாம். எந்த மருந்து என்று இது சொல்லாது, அதற்குத்தான் தேதியும் பெயரும் எழுதிவைக்கச் சொல்வது.

தேரூர்: வாழையில வேரைத் தாக்கும் நூற்புழுவுக்கு போரேட் பூச்சிக்கொல்லிக் குருணை போடலாமா?

கூடாது. 2020 டிசம்பர் 31 முதல் தடை. குருணையைத் தானியம் என்று பறவை கொத்தும். உங்கள் குளம் 2022 முதல் ராம்சர், அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம். கன்றின் வேரையும் கிழங்கின் மேல்தோலையும் சீவி, 55 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் முக்கி நடுங்கள். ஊடே கேந்தி போடுங்கள்.

குலசேகரம்: ரப்பருக்குத் துரிசும் (மயில்துத்தம்) சுண்ணாம்பும்தான் அடிக்கோம். துரிசு இயற்கை விவசாயத்துக்கே அனுமதிச்சது. அதையும் விஷக் கணக்குல சேர்க்கலாமா?

சேர்க்கணும். துரிசில் கால் பங்கு செம்பு. 1 சதக் கலவை 100 லிட்டரில் ஒரு கிலோ துரிசு, அதாவது 250 கிராம் செம்பு. எக்டேருக்கு 1000 லிட்டர் அடித்தால் 2.5 கிலோ. மேல் 15 செ.மீ. மண் சுமார் 20 லட்சம் கிலோ. ஆண்டுக்கு ஒரு தெளிப்பு என்றாலும் 20 வருஷத்தில் கிலோ மண்ணுக்கு 25 மி.கி. ஏறும். ஐரோப்பாவில் இயற்கை விவசாயிக்கும் எக்டேருக்கு 7 ஆண்டில் 28 கிலோ செம்புதான் உச்ச வரம்பு.

குலசேகரம்: நம்மூர் மழைக்கு அதெல்லாம் நிக்குமா?

நிற்கும். செம்பு தனிமம், சிதையாது. மேல்மண்ணின் கரிமத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். மழை மண்ணை அரித்தால் மண்ணோடுதான் ஓடைக்குப் போகும். நம் செம்மண் புளித்த (அமில) மண், அதில் செம்பு எளிதில் கரைந்து மண்புழுவைத் தாக்கும். சுண்ணாம்பிட்டு கார அமில நிலையை 6-க்கு மேல் கொண்டுவந்தால் செம்பு தாக்கும் வேகம் குறையும், மண்ணில் அதன் அளவு குறையாது. மரத்தை வெட்டிவிட்டு வாழை வைக்கும் முன் செம்பைச் சோதியுங்கள். இது மட்டும் மண்வள அட்டையிலேயே வரும், ஆனால் பயிருக்குக் கிடைக்கும் பங்குதான் அதில் தெரியும்.

திருவட்டார்: பஞ்சகவ்யா ஊத்தினா துரிசு போயிடுமா?

தனிமம் என்று மேலேதான் சொன்னேன். போகாது. அடித்த தேதியை எழுதிவையுங்கள்.